மில்லிமீட்டரின் அறுபத்தோரு கார்கள்

எங்கள் தொழிலில் தனி ஆளை அனுப்ப மாட்டார்கள். லிஃப்ட் பழுது என்றால் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் மேலே மோட்டார் அறையில் நிற்பார், ஒருவர் கீழே குழிக்குள் இறங்குவார். மேலே இருப்பவர் ஏதோ யோசனையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அப்படி ஒருவர் உயிரை மற்றவர் கையில் பிடித்துக்கொண்டு நானும் அவரும் பத்தொன்பது வருடம் வேலை செய்திருக்கிறோம். இன்னும் செய்கிறோம். அவர் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் என் கையும் இருக்கிறது.

கம்பெனியில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். லிஃப்ட் வந்து நின்றால் கூண்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கினால் பரவாயில்லை என்று விதிப்புத்தகமே சொல்கிறது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரும்பு அளவுகோலை வைத்துப் பார்ப்பார். மயிரிழை வித்தியாசம் தெரிந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"அண்ணே, இதுல ஏறப்போறது மனுஷங்க, கோலிக்குண்டு இல்ல" என்று மேலிருந்து கத்துவேன்.

"நீ பிரேக்கத் தளர்த்துடா தம்பி" என்பார். கோபமே வராது அவருக்கு.

கார் பொம்மை செய்யும் பழக்கம் அவருக்குத் தற்செயலாக வந்தது. ஒரு கடைக்கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே ஒரு பொம்மைக்கடைக்காரம்மா முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். அவருக்கு மூடிய இடம் என்றால் பயம். ஒரே அலறல். அண்ணன் கூண்டின் மேல்பக்கமாக இறங்கி, கதவின் இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று பிறகு கேட்டேன். "கடைல என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணா சொல்லுங்கன்னேன். மூணாவது அலமாரியச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாம வெளிய எடுத்துட்டோம்" என்றார். அந்தம்மா வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் கிளம்பும்போது கடையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து திணித்தார். "உங்க வீட்டுக் குழந்தைக்கு."

குழந்தைக்கு அப்போது நாலு வயது. பெட்டியில் இருந்ததோ நூற்றிருபது துண்டுகள். உண்மையான காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டுதுண்டாக வார்த்து வைத்திருந்தார்கள். சின்ன கட்டரால் நறுக்கி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துச் சேர்க்க வேண்டும். குழந்தை ஒரு சக்கரத்தை வாயில் போட்டுக்கொண்டது. அதைப் பிடுங்கிக் கழுவி, மிச்சத்தை அவரே செய்ய உட்கார்ந்தார். செய்து முடிக்க நாலு மாதம் ஆயிற்று. முடித்ததும் இன்னொரு பெட்டி வாங்கினார்.

"பொழுதெல்லாம் மேலயும் கீழயும் போற வண்டியோட மாரடிக்கிறோம். வீட்டுலயாவது நேராப் போற வண்டி இருக்கட்டுமே" என்பார்.

அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அவர் கையின் அருமை. காருக்குள் டாஷ்போர்டு இருக்கும். டாஷ்போர்டில் வேகம் காட்டும் வட்டம் இருக்கும். வட்டத்தில் எண்கள் இருக்கும். ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதிய எண்கள். சீட் பெல்ட்டை மெல்லிய ரிப்பனில் வெட்டி, அதற்குக் கொக்கி வைத்திருப்பார். என்ஜின் மூடியைத் தூக்கினால் உள்ளே வயர்கள் ஓடும். மூடியை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாத வயர்கள். "மூடினப்புறம் யாருண்ணே பாக்கப்போறா?" என்றால், "லிஃப்ட்டு மோட்டார யாரு பாக்குறா?" என்பார்.

ஹாலில் கண்ணாடி அலமாரி வந்தது. ஒன்று இரண்டானது. அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அவர் வாயைத் திறந்தால் கேட்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. "மூணு பேரு இருக்குற வீட்டுல அம்பத்தேழு காரு. ஆனா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினா பஸ்ஸுதான்" என்பார்.

மகளைப் பற்றிச் சொல்லவே இல்லையே. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான்தான். காலையில் கண் விழித்தால் ஆரம்பிக்கும் பேச்சு, தூக்கத்தில்தான் ஓயும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்று ஒன்று வைத்தால் மற்ற பிள்ளைகள் இரண்டாம் பரிசுக்குத்தான் மோதிக்கொள்ளும். அவள் ஒரு சாம்பல் நிறப் பூனை வளர்த்தாள். அதற்கு மேனேஜர் என்று பெயர். "ஒரு வேலையும் செய்யாது மாமா, ஆனா எல்லாத்தையும் வந்து மோந்து பாத்துட்டுப் போகும்" என்று காரணம் சொன்னாள். எங்கள் மேனேஜரை நேரில் பார்த்திருந்தால் பூனைக்கு அவள் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டாள். பூனைக்கு அவமானம்.

அண்ணன் லீவு நாட்களில் பெயிண்ட் அடிப்பது சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் சின்ன அறையில். தூரிகையால் அடிப்பதில்லை. பேனா அளவுக்கு ஒரு ஸ்ப்ரே, அதற்குச் சின்ன கம்ப்ரசர். தின்னர் வாடை வீடு முழுக்கச் சுற்றும். "இது என்ன வீடா, பெட்ரோல் பங்கா?" என்று அண்ணி ஒரு நாள் தட்டை நங்கென்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பழைய கட்டடம் ஒன்றில் கழற்றிப்போட்ட லிஃப்ட் கூண்டின் காற்றாடியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். மூன்று பக்கம் மூடிய மரப்பெட்டி செய்து, பின்பக்கம் காற்றாடியைப் பொருத்தி, அதிலிருந்து மடங்கும் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும். வெளியே என்றால் தெரு இல்லை, டக்ட். அடுக்குமாடிகளில் குளியலறைக் குழாய்கள் இறங்குவதற்காக நடுவில் விட்டிருப்பார்களே, அந்தச் சதுரப் பொந்து. குழாயின் வாய் நேராக இருந்தால் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று கீழ்நோக்கி வளைத்துவிடச் சொன்னார். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அதை வளைத்துக் கட்டியது நான். காற்றாடியைப் போட்டோம். ஹாலில் துளி வாடை இல்லை. அண்ணி மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இத அஞ்சு வருஷம் முன்னாடியே செஞ்சிருந்தா நான் அஞ்சு வருஷம் கம்மியா கத்தியிருப்பேன்" என்றார்.

மகளின் அறை அந்த அறைக்கு அடுத்து, சுவர் திரும்பும் இடத்தில். அவள் ஜன்னலும் அதே டக்ட்டைப் பார்த்துத்தான் திறக்கும். டக்ட்டின் மேல்வாயைப் புறா விழுகிறது என்று கட்டடக்காரர்கள் எப்போதோ தகரம் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். இரண்டும் எங்களுக்குத் தெரியாத விஷயங்கள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட்டுக்குள் வேலை செய்தவர்கள். மேலே மூடிய ஷாஃப்ட்டில் காற்று எங்கே போகும் என்று எங்களை விட யாருக்குத் தெரியும்? ஆனால் அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டீ குடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

அதற்கு அடுத்த வருடம் பொம்மைக் கார்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. அண்ணனைப் போன்ற ஆட்கள் எங்கள் ஊரில் முப்பது நாற்பது பேர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணனுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. வேலைப்பாட்டில் குறை இல்லை. பளபளப்பு போதாது என்றார்கள். முதல் பரிசு வாங்கிய கார் தண்ணீரில் நனைத்து எடுத்ததுபோல் இருந்தது.

அவர் விடவில்லை. கார் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெயிண்டரைப் பிடித்தார். நிஜக் கார்களுக்குக் கடைசியில் அடிக்கும் வார்னிஷும், அதில் கலக்கும் ஹார்டனர் என்ற திரவமும் ஒரு சின்ன டப்பாவில் கிடைத்தன. பெயிண்டர் கொடுக்கும்போதே சொன்னார். "இது மத்த பெயிண்ட் மாதிரி இல்ல. நெஞ்சுக்குள்ள போச்சுன்னா போச்சு. சாதா மாஸ்க் போதாது. ரெண்டு பக்கமும் டப்பா வச்ச மாஸ்க் இருக்குல்ல, அத வாங்கிக்குங்க."

அண்ணன் சொன்னது சொன்னபடி செய்கிற மனுஷர். நல்ல மாஸ்க்காகப் பார்த்து வாங்கினார்.

மறுவருடம் முதல் பரிசு அவருக்குத்தான். கருநீலக் கார் ஒன்று. அதைப் பார்க்கக் குனிந்தால் கதவில் நம் முகம் தெரியும். மகள் மேடைக்கு அருகில் நின்று, வந்தவர் போனவர் எல்லோரிடமும் "எங்கப்பா செஞ்சது, எங்கப்பா செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே இருமினாள். நான்கூட, "தொண்டைக்கு ரெஸ்ட் குடு ரேடியோ" என்றேன்.

அந்த இருமல் போகவில்லை. முதலில் சளி என்றார்கள். பிறகு அலர்ஜி என்றார்கள். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர், "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா? வேற ஏதாவது புகை, வாடை?" என்று கேட்டார்.

"இவர் பெயிண்ட் அடிப்பாரு டாக்டர்" என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

"அதெல்லாம் வெளிய போயிடும் டாக்டர். ஃபேன் போட்டிருக்கேன்" என்று அண்ணன் முந்திக்கொண்டார். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வீட்டில் பூனை இருக்கிறதா?

பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டார்கள். ஜன்னல் திரையைக் கழற்றினார்கள். கடைசியில் மேனேஜரை ஒரு கூடையில் போட்டு, அண்ணியின் பள்ளிக்கூடக் காவலாளியிடம் கொடுத்தார்கள். மகள் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்று நாள் பேசாமல் இருக்க அவளால் முடியும் என்பதே எங்களுக்கு ஆச்சரியம். அறைக்குள் நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைத்தார்கள்.

ஒரு வருடம் இப்படியே போயிற்று. மூச்சோடு உறிஞ்சும் மருந்து ஒன்று இரண்டானது. இன்னொரு டாக்டர், மூச்சுத் திணறும் நாட்களைக் குறித்து வைக்கச் சொன்னார். அண்ணி எழுத்தர் அல்லவா, கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்தது என்று அழகாக எழுதி வந்தார்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. அண்ணி மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தார். மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அறுபத்தோராவது காருக்குக் கடைசி வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். அதை அடிக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கோடு விழும். கம்ப்ரசர் சத்தம், காற்றாடி சத்தம். அதற்கு நடுவில் கதவை யாரோ தட்டினார்கள். லேசாக இரண்டு தட்டு.

"அஞ்சு நிமிஷம்மா" என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து.

மறுபடி ஒரு தட்டு. பிறகு இல்லை.

மகள் ஏதோ சந்தேகம் கேட்க வந்திருப்பாள், போய்விட்டாள் என்று நினைத்தார். வேறு யாராக இருந்தாலும் கத்திக் கூப்பிட்டிருப்பார்கள். அவளுக்குக் கத்த மூச்சு இல்லை. அண்ணி வாளியோடு இறங்கி வந்தபோது அவள் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அண்ணி போட்ட கூச்சல்தான் அண்ணன் காதில் முதலில் விழுந்தது. கதவைத் திறந்தபோது அவர் கையில் அந்தக் கார் இருந்ததாம். அதை எங்கே வைத்தார், எப்படி அவளைத் தூக்கினார், மூன்று மாடி எப்படி இறங்கினார் என்று அவருக்கு எதுவும் நினைவில்லை. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் குழாய் போட்டுத்தான் மூச்சு. நான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் காலை நுரையீரல் டாக்டரம்மா, பார்த்தால் கண்டிப்பான ஆள், அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணியின் நோட்டு அவர் கையில் இருந்தது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "ஞாயிறு. ஞாயிறு. ஞாயிறு சாயங்காலம். இது ஏதோ லீவு நாள். மறுபடி ஞாயிறு" என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல என்ன நடக்கும்?"

"ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்றார் அண்ணன்.

வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்ததும் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "வீட்டுக்கு வாடா. ஒரு வேலை இருக்கு. ரெண்டு பேர் வேணும்."

வீட்டில் யாரும் இல்லை. என்னை மகளின் அறையில் நிற்கச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னல் எப்போதும்போல் திறந்திருந்தது. மேஜையில் அவள் விட்டுப்போன புத்தகம் விரித்தபடியே கிடந்தது. அண்ணன் பெயிண்ட் அறைக்குப் போய், செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி அணைத்து, புகையும் காகிதத்தை மரப்பெட்டிக்குள் பிடித்துக்கொண்டு காற்றாடியைப் போட்டார். பிறகு என் கைபேசிக்கு அடித்தார். வேலையில் நான் மேலேயும் அவர் கீழேயும் நின்று பேசிக்கொள்வது போலவே இருந்தது.

"வருதா?"

"இல்லண்ணே."

"நல்லாப் பாரு."

ஒரு நிமிடம் இருக்கும். ஜன்னலின் கீழ்க்கம்பியில் ஏதோ தூசி படிவதுபோல் முதலில் தெரிந்தது. அது தூசி இல்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக உள்ளே ஏறியது. மேஜைமேல் இறங்கி, விரித்த புத்தகத்தின்மேல் ஊர்ந்து, என் பக்கம் வந்தது. எரிந்த காகித வாடை மூக்கில் ஏறியது.

"தம்பி, வருதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நான் மேலே இருந்து எதைச் சொன்னாலும் அத்தனை வருடமாக நம்பியவர்.

"வருதுண்ணே."

போனில் காற்றாடி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காகிதம் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான்தான் பிடுங்கித் தண்ணீரில் போட்டேன். "குழாயை வளைச்சது நான்தானேண்ணே" என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஹார்டனர் டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். டாக்டரம்மா அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உடம்பு ஒருதடவை இத எதிரின்னு முடிவு பண்ணிடுச்சுன்னா அப்புறம் மறக்காது. இனிமே கொஞ்சம் பட்டாலும் போதும். புதுப் பெயிண்ட், வார்னிஷ், சில பசை, ஸ்பாஞ்ச் மெத்தை கூட. வாழ்க்கை முழுக்க ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். பிறகு, "ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். அவரும் மனுஷிதானே, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அண்ணியிடம் ஆஸ்பத்திரி கேன்டீனில் வைத்துச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். முதலிலிருந்து கடைசிவரை, கதவு தட்டியது, அஞ்சு நிமிஷம் என்றது, எதையும் விடாமல் சொன்னார். அண்ணி டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அழவில்லை, கத்தவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பூனையக் குடுத்துட்டமே" என்றார். அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நான் அறிந்த வரையில், அதற்குப் பிறகு அவர் அண்ணனிடம் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசியதில்லை.

மகளைச் சாதாரண வார்டுக்கு மாற்றியபின் அவளிடமும் சொன்னார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, "நீங்க மாஸ்க் போட்டிருந்தீங்கல்லப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நல்லது."

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற அக்கறையில் கேட்டாளா, இல்லை குத்திக் கேட்டாளா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்து வரவில்லை. வெளியூரில் அண்ணியின் அக்கா வீடு. சுற்றிலும் காலி இடம், காற்றோட்டமான வீடு. தாயும் மகளும் நேராக அங்கே போனார்கள். அண்ணன் தனியாக வந்து, பெயிண்ட் அறையைச் சுவர்வரை சுரண்டினார். பெட்டி, குழாய், காற்றாடி எல்லாவற்றையும் பிடுங்கினார். டக்ட்டின் மேல் இருந்த தகரத்தைக் கட்டடக்காரர்களோடு சண்டை போட்டுப் பெயர்த்து எறிந்தார். அறுபத்தோரு கார்களையும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, குப்பை லாரி வரும் நேரத்துக்குக் கீழே கொண்டுபோனார். காய்ந்த பெயிண்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். நானும் சொன்னேன். கேட்கவில்லை.

லாரிக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அசந்து போனார். "சார், இதயா குப்பைல போடுறீங்க? என் பொண்ணுக்கு ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"தொடாதே!" என்று அண்ணன் போட்ட கத்தலில் தெருவே திரும்பியது. அவர் கத்தி நான் கேட்டது அது ஒருதடவைதான். லாரியின் இரும்புத் தட்டு இறங்கி அழுத்தியபோது பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. பிளாஸ்டிக் அல்லவா, முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

அதன்பிறகு சில மாதம் அவருக்கு ஒரு வெறி பிடித்தது. கண்காட்சியில் பழகிய ஆட்களின் வீடு வீடாகப் போனார். எங்கே பெயிண்ட் அடிக்கிறீர்கள், குழாய் எங்கே போகிறது, பக்கத்தில் யாருடைய ஜன்னல் இருக்கிறது என்று கேட்டார். முதலில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அனுதாபப்பட்டார்கள். இரண்டாம் முறை போனபோது, "நாங்க பாத்துக்குறோம் சார்" என்றார்கள். மூன்றாம் முறை கதவு திறக்கவில்லை. ஒருவர் எனக்கே போன் செய்து, "உங்க ஃப்ரெண்டுக்கு மனசு சரியில்லபோல, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். ஒருவராவது பெயிண்ட் அடிக்கும் மேஜையை மாற்றி வைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

மாதம் இரண்டு தடவை மகளைப் பார்க்கப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். எங்கள் உடம்பில் எப்போதும் கிரீஸ் வாடை இருக்கும். அதனால் அந்த ஊர் பஸ் நிலையக் குளியலறையில் தேய்த்துக் குளித்து, பையில் கொண்டுபோன வேறு உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். போனாலும் உள்ளே நுழைய மாட்டார். முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவார். மகள் வந்து நாலடி தள்ளி உட்கார்ந்தாள். வளர்ந்திருந்தாள், மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்க மாமா" என்றாள். அண்ணன் கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள், "பரவால்ல" என்றாள். தபால் வழியாகப் படிக்கிறாள். சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள். கோர்ட்டில் ஒரு மணி நேரம் நின்று பேச மூச்சு வேண்டாமா, அதனால் கணக்கியல் எடுத்திருக்கிறாள். இரண்டு வாக்கியம் பேசினால் நிறுத்தி, உள்ளங்கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, மூச்சு திரும்பும்வரை எங்கேயோ பார்க்கிறாள். அந்த நேரத்தில் அவள் முகத்தை அண்ணன் பார்ப்பதில்லை. தரையைப் பார்க்கிறார். நானும் தரையைத்தான் பார்த்தேன். என் பங்கை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். சொல்லாமல் திரும்பினேன்.

அண்ணி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார். வாங்கி ஒரு வாரம் கழித்துத்தான் அண்ணனுக்குச் சொன்னார். அண்ணன் பழைய வீட்டைக் காலிசெய்துவிட்டு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். கட்டில், ஒரு நாற்காலி. சுவரில் ஆணிகூட இல்லை.

போன வாரம் ஒரு நூலகக் கட்டடத்தில் வேலை. மதியம் மோட்டார் அறைக்கு ஏறும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. எழுந்து போகாமல் அங்கேயே பேசினார். பேசினார் என்ன, கேட்டார். வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அக்கா வீட்டுக்குப் பக்கத்துல யாரோ வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்திருக்கா. நேத்து டிஸ்சார்ஜ் ஆயிட்டாளாம்."

"நாலு நாளா? உங்களுக்குச் சொல்லவே இல்லையாண்ணே?"

"நானும் அதத்தான் கேட்டேன்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"'நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க'ன்னா." சோற்று டப்பாவைத் தள்ளி வைத்தார். "கோவமா சொல்லலடா. நிஜமாவே தெரியாமதான் கேட்டா. எனக்கும் பதில் தெரியல."

அவர் டப்பாவில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கயிற்றுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு அவர் குழிக்கு இறங்கினார். நான் மேலே போனேன்.